உன் புத்தகத்தின் ஒன்பதாம் அத்தியாயம்

பாப்பா,

போன திங்கட்கிழமையோடு நான் கம்பெனி பஸ் ஓட்டுவதை நிறுத்திவிட்டேன். இடது கண்ணில் புரை முற்றிவிட்டது, ஆபரேஷன் செய்தாலும் ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு ஓட்டுகிற வேலை இனிமேல் வேண்டாம் என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். சாவியை ஷெட்டில் கொடுத்துவிட்டு சேரப்பணஞ்சேரி வீட்டுக்கு வந்து உட்கார்ந்த அன்றே உனக்கு எழுத நோட்டை எடுத்தேன். நான்கு நாள் ஒரு வரி வரவில்லை. பத்தாவதோடு நின்றவன், உன்னைப் போல எனக்கு எழுத வராது என்பது ஒரு பக்கம். இதைப் படித்த பிறகு நீ என்னை நைனா என்று கூப்பிடுவாயா என்கிற பயம் இன்னொரு பக்கம்.

உன் புத்தகத்தை நான் படித்துவிட்டேன். நீ கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. என் பஸ்ஸிலேயே கிடைத்தது. ஒருநாள் காலை ஷிப்டுக்குப் பெண்களை ஒரகடத்தில் இறக்கிவிட்டு, வழக்கம்போல யாராவது எதையாவது விட்டுப் போயிருக்கிறார்களா என்று சீட் சீட்டாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஏழாவது வரிசையில் பேப்பர் அட்டை போட்ட ஒரு புத்தகம் கிடந்தது. பிரித்துப் பார்த்தால் ‘முன்பதிவில்லாத பெட்டி’ என்று தலைப்பு, பின்பக்கம் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு நீ. உன்னை அந்தத் தொப்பியில் நான் பார்த்ததே இல்லை. ஷிப்டு விடும்வரை டிரைவர்களுக்கு எட்டு மணி நேரம் பார்க்கிங்கில் சும்மா இருக்கிற வேலைதான். கதவைச் சாத்திக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன். மதியம் சாப்பாட்டைத் திறக்கவில்லை.

புத்தகத்தின் சொந்தக்காரி மணிமங்கலத்துக் குமுதா. மொபைல் உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறாள். சாயந்தரம் அவளிடம், “இன்னும் ரெண்டு நாள் வெச்சிக்கினு தரட்டுமாம்மா?” என்று கேட்டேன். “படிண்ணா. படிச்சிட்டு நீயே சொல்லு, இவ பண்ணது நியாயமான்னு” என்றாள். எழுதியவள் என் மகள் என்று அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவுமில்லை.

அடுத்த இரண்டு வாரம் அந்தப் புத்தகம் பஸ்ஸில் கை மாறிக்கொண்டே இருந்தது. இவ்வளவு பேர் ஒரு புத்தகத்துக்காகச் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் ஹாஸ்டல் வரும்வரை என் முதுகுக்குப் பின்னால் அதே பேச்சு. லைனில் நின்று நின்று கால் வீங்கிப்போன பெண்கள், தூங்கிக்கொண்டு வருகிறவர்கள், அந்த இரண்டு வாரம் தூங்கவில்லை. நாக்பூர் பிளாட்பாரத்தில் நீ காய்ச்சலோடு படுத்திருந்தபோது ஒரு கூலிக்காரம்மா தன் புடவையைப் போர்த்திவிட்டதைப் படித்துவிட்டு ஒருத்தி அழுதாள். “நம்மால ஒரு நாள் லீவு போட முடியல, இவ ஒன்றரை வருஷம் ஊர் சுத்தினு வந்து தன்னைத் தேடினாளாம்” என்று இன்னொருத்தி சிரித்தாள். ஆப்பிள் தோட்டத்தில் கூடை சுமந்து நீ சாப்பிட்டதை மெச்சினார்கள். கதையெல்லாம் சரி, ஒன்பதாம் அத்தியாயம் வந்ததும் பஸ் இரண்டாகப் பிரிந்துவிடும்.

“பெத்தவ சாவக் கெடக்கறா. இவ மலைமேல குந்திகினு கீறா. கேட்டா, அம்மாவே என்னைப் பாக்க வேணாம்னு சொல்லிட்டாங்கன்னு எழுதறா. எந்த அம்மாக்காரியாவது அப்படிச் சொல்லுவாளா? வராததுக்கு இவளா கட்டின கதை” என்பாள் குமுதா. பாதிப் பேர் அவள் பக்கம். தென்காசியிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் முத்துலட்சுமி மட்டும் விடமாட்டாள். “அம்மைன்னா கோவம் வரக்கூடாதாக்கா? அவளும் மனுசிதான. வேண்டாம்னு சொல்லியிருப்பா. அந்தப் பிள்ள அத மதிச்சிருக்கு. எம்புட்டு வலிச்சிருக்கும் அவளுக்கு” என்பாள். நான் கண்ணாடியில் இருவரையும் பார்த்துக்கொண்டு கியரை மாற்றுவேன். அந்த ஐம்பது பேரில் பதில் தெரிந்தவன் நான் ஒருவன். வாயைத் திறக்கவில்லை.

நீ வீட்டை விட்டுப் போனதிலிருந்து சொல்கிறேன். உன் நிச்சயதார்த்தத்துக்குப் பதினோரு நாள் இருந்தது. படப்பையில் மண்டபம் சொல்லியாகிவிட்டது. ஆறு வருஷமாகக் கார்க் கதவு ரப்பரைத் தடவிப் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை உனக்கு. விரல் மட்டும் வேலைக்குப் போய் வருகிறது, நான் எங்கே போகிறேன் என்று தெரியவில்லை என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறாய். அன்று என்னிடம் அதை வேறு மாதிரிச் சொன்னாய். “கல்யாணமே வேணாம்னு சொல்லல நைனா. நான் யாருன்னே எனக்குத் தெரியல. ஒரு வருஷம் குடு.” நான் சிரித்தேன். “நீ யாருன்னு ரேஷன் கார்டுல கீது, எடுத்துப் பாரு” என்றேன். அந்த வாக்கியத்தை நீ புத்தகத்தில் போடவில்லை. என்னைப் பற்றி எழுத நிறைய இருந்தும் நீ எழுதவில்லை என்பதை மூன்றாவது தடவை படித்தபோதுதான் கவனித்தேன்.

மறுநாள் நீ இல்லை. மாப்பிள்ளை வீட்டில் போய் நான்தான் நின்றேன். என்னை உள்ளே கூப்பிடவில்லை, வாசலில் நிற்க வைத்தே பேசி அனுப்பினார்கள். அந்த அவமானத்தை நான் இறக்கி வைக்கவே இல்லை. ஸ்டியரிங் பிடிக்கும்போதும் சாப்பிடும்போதும் அதையே மென்றுகொண்டிருந்தேன். நீ ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாய். உன் அம்மா கொல்லைப்புறம் போய்ப் பேசிவிட்டு முகம் மலர்ந்து வருவாள். எங்கே இருக்கிறாள் என்று ஒரு நாளும் நான் கேட்கவில்லை. அவள் சொல்ல வாயெடுத்தால் எழுந்து போய்விடுவேன்.

நீ போன ஏழாவது மாதம் அவளுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. தெரிந்தபோதே முற்றியிருந்தது. பாலிடெக்னிக் படிக்கும்போது நீ ஊட்டி டூருக்குப் போகக் கேட்டாயே, பெண் பிள்ளைக்கு டூர் எதற்கு என்று நான் தடுத்தேனே, நினைவிருக்கிறதா? போய் வந்த உன் தோழியை உன் அம்மா வீட்டுக்கு அழைத்து, முறுக்கு கொடுத்து உட்காரவைத்து, மலை எப்படி இருந்தது, ரயில் எப்படி ஏறியது என்று உன்னோடு சேர்ந்து உட்கார்ந்து கேட்டாள். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவன் நான். அவளைத் திருப்பதிக்குக்கூடக் கூட்டிப் போகவில்லை. அவளும் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு அவள் உன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவன் நான், லீவு போட்டுவிட்டு அவளுக்குக் கஞ்சி ஊட்டினவன் நான். அவள் வாயில் வந்ததெல்லாம் உன் பேர். எனக்கு அது தாங்கவில்லை பாப்பா. சொல்ல வெட்கமாக இருக்கிறது, பெற்ற மகள்மேல் எனக்குப் பொறாமை வந்தது.

அவள் போன் என்னிடம் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டாய். “அம்மா எங்க நைனா? ஏன் நீ எடுக்கற?” என்றாய். வார்டுக்கு வெளியே, தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்றுகொண்டு உண்மையைச் சொன்னேன், கட்டி, முற்றிவிட்டது, ஆஸ்பத்திரி, எல்லாம். நீ அழுதாய். “இன்னிக்கே கிளம்பறேன்” என்றாய். அப்போது என் வாயிலிருந்து வந்ததை நீ ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதியிருக்கிறாய், அது யார் வழியாக வந்தது என்பதை மட்டும் விட்டிருக்கிறாய். “வேணாம். உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்னு உங்கம்மா சொல்லிட்டா. நீ வந்து நின்னீன்னா அதுலயே அவ உயிர் பூடும்.” “அம்மாவே சொல்லிச்சா?” என்று கேட்டாய். “ஆமா” என்றேன்.

அவள் சொல்லவில்லை. ஒன்பதாம் அத்தியாயத்தில் இருப்பது என் பொய். உன் அம்மா அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை.

அதற்குப் பிறகு நீ மூன்று தடவை கூப்பிட்டாய். ஒரு தடவை தூங்குகிறாள் என்றேன், ஒரு தடவை ஸ்கேனுக்குப் போயிருக்கிறாள் என்றேன், இன்னொரு தடவை எடுக்கவே இல்லை. அவளிடம் வேறொரு பொய். போன் போட்டுப் பார்த்தேன், மலைப் பக்கம் டவர் இல்லையாம், கிடைக்கவில்லை என்றேன். அந்தத் தோட்டத்திலிருந்து சிக்னல் கிடைக்கிற இடத்துக்கு முக்கால் மணி நேரம் ஏற வேண்டும், ஒவ்வொரு தடவையும் நீ ஏறிப் போய்க் கூப்பிட்டாய் என்று உன் புத்தகத்தைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். நான் அந்தப் பொய்யைச் சொன்ன பத்தொன்பதாம் நாள் அவள் போய்விட்டாள். அப்புறம்தான் உனக்கு நானாகப் போன் செய்தேன். நீ வந்து சேர மூன்று நாள் ஆயிற்று. நான் காத்திருக்கவில்லை, எரித்துவிட்டோம். காரியம் முடிகிறவரை நீ வீட்டில் இருந்தாய். உன்னோடு ஒரு வார்த்தை பேசாமல் இருந்தேன். என் கோபம் என்று நீ நினைத்திருப்பாய். அதற்குள் கோபமெல்லாம் போய்விட்டது. பேசினால் வெளியே வந்துவிடும் என்று பயந்தேன்.

தண்டலத்தில் உன் புத்தகத்துக்கு வாசகர் கூட்டம் நடந்ததே, அதற்கு வந்தேன். குமுதாதான் சொன்னாள், எழுதினவளே வருகிறாள் என்று. கடைசி வரிசையில், தூண் ஓரமாக உட்கார்ந்தேன். நீ என்னைப் பார்த்தாயா என்று தெரியாது. இளைத்திருந்தாய். ஒரு பெண் எழுந்து, உங்கள் புத்தகம் படித்துவிட்டுத்தான் நான் முதன்முதலாகத் தனியாக ரயிலேறினேன் என்றாள், எல்லோரும் கைதட்டினார்கள். அதற்குப் பிறகு ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் எழுந்தார். கையில் நம்பர் போட்டுக் குறித்து வைத்திருந்தார். “ஊர்களைப் பத்தி நல்லா எழுதியிருக்கீங்கம்மா. உங்களைப் பத்தி எழுதினது நம்பும்படியா இல்ல. சாகப்போற அம்மா மகளைப் பாக்க மாட்டேன்னு சொன்னதா எழுதறீங்க. இறந்துபோனவங்க வந்து மறுக்கமாட்டாங்கங்கற தைரியம்தானே?” என்று கேட்டார்.

நீ மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாய். “அவங்க சொன்னாங்க சார். அவங்களுக்குக் கோபப்பட உரிமை இருக்கு. அதுக்கு மேல சொல்ல எங்கிட்ட எதுவும் இல்ல” என்றாய். யார் மூலமாகச் சொன்னார்கள் என்று அவர் கேட்டிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய்? அவர் கேட்கவில்லை. நீயும் என் பேரை எடுக்கவில்லை. எழுந்து நின்று, நான்தான் என்று ஒரு சொல் சொல்ல வேண்டியது என் வேலை. எழுந்தேன். எழுந்து வெளியே போய்விட்டேன். செருப்பு மாட்டக்கூட நிற்காமல் கையில் எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் திங்கள். முதல் ஷிப்டு விட்டுத் திரும்பும்போது ஒரகடம் கூட்டுரோட்டில் கார் ஏற்றிப் போகும் நீள டிரெய்லர் ஒன்று திரும்ப முடியாமல் ரோட்டை அடைத்து நின்றுவிட்டது. என்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பின்னால் கூட்டத்தைப் பற்றித்தான் பேச்சு. குமுதா, “வாத்தியார் கேட்டாரு பாரு, பேச்சு வரல அவளுக்கு” என்றாள். முத்துலட்சுமி ரொம்ப மெதுவாகப் பேசினாள். “எனக்கு அந்த அத்தியாயம் பொய்னு தோணலக்கா. வீட்டுக்குத் தெரியாம அவரைக் கட்டிக்கிட்டு வந்தேன், அவரு இப்ப வெளியூர் வேலையில. அப்பலேர்ந்து எங்கம்மை எங்கூடப் பேசல. ரெண்டு வருசமா ஞாயித்துக்கெழமைதோறும் போன் போடுவேன், எடுக்க மாட்டா. இத வாசிச்ச பொறவுதான் நிறுத்துனேன். வேண்டாம்னு சொல்லுதவள மதிக்கணும்லா. அந்தப் பிள்ளையே தாங்கிக்கிடுச்சு. நான் தாங்கமாட்டனா?”

உன்னைத் திட்டியவர்களைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன் பாப்பா. திட்டுகிறவர்கள் உன்னைத்தான் காயப்படுத்தினார்கள், அதைப் பார்த்துக்கொண்டிருக்கப் பழகிவிட்டேன். உன்னை நம்பிய ஒருத்தி, என் பொய்யை நம்பி, தன் அம்மாவுக்குப் போன் போடுவதை நிறுத்திவிட்டாள் என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. சீட்டை விட்டு எழுந்து அவர்கள் பக்கம் திரும்பினேன். “அந்தப் பொண்ணு என் பொண்ணுதாம்மா. அவங்கம்மா அப்படிச் சொல்லல. நான் சொன்னேன். அவளா சொன்ன மாதிரி நான் சொன்னேன்” என்றேன்.

முதலில் குமுதாதான் வாயைத் திறந்தாள். “ரெண்டு வாரமா அந்தப் பொண்ண வாய்க்கு வந்தபடி பேசினேனே. நீ கேட்டுகினே வண்டி ஓட்டினியேண்ணா!” அவள் கண்ணில் தண்ணீர். என்னைவிட அவளுக்குத்தான் அதிகக் குற்றவுணர்ச்சி போல. பிறகு, “எங்ககிட்ட சொல்லி இன்னா புண்ணியம்? அந்தப் பொண்ணுகிட்ட சொன்னியா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். பின்னாலிருந்து லாரிக்காரன் ஹாரன் அடித்தான். ரோடு திறந்திருந்தது. வண்டியை எடுத்தேன். முத்துலட்சுமி இறங்கும்போது என்னைப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் ஒருநாள் ஏறும்போது படியில் நின்று, “போட்டேன்ணே. எடுக்கல. வர்ற ஞாயித்துக்கெழமையும் போடுவேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மகளுக்கு எழுதுகிற அப்பா புத்திமதி சொல்ல வேண்டும். எனக்கு அந்த யோக்கியதை இல்லை. பட்டதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். கோபம் வந்தால் உன் பேரிலேயே கோபப்படு. இன்னொருத்தர் வாயில் அதை வைத்துச் சொல்லாதே. “நான் உன்னைப் பார்க்க விரும்பவில்லை” என்று அன்று சொல்லியிருந்தால், நீ என்னோடு சண்டை போட்டுவிட்டு வந்து உன் அம்மாவைப் பார்த்திருப்பாய். நான் கெட்டவனாக இருந்திருப்பேன், அவ்வளவுதான். அவளைக் கெட்டவளாக்கினேன். அவள் போன பிறகும் அவளை அப்படியே வைத்திருந்தேன். உன் புத்தகத்தைப் பிடிக்காதவர்களுக்கு நீ பதில் சொல்லிக்கொண்டிருக்காதே. பிடிக்காதவர்கள் இருக்கட்டும். பொய் என்று சொல்கிறவர்களுக்கு மட்டும் பதில் வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவள் நீ இல்லை, நான். தண்டலத்து வாசகர் வட்டம் போடுகிற பத்திரிகையில் உன்னைப் பற்றி ஆதரித்தும் எதிர்த்தும் எழுதியிருந்தார்கள். அவர்களுக்கே இந்தக் கடிதத்தைக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். முதலில் நீ படிக்க வேண்டும் என்பதால் உனக்கு அனுப்புகிறேன். மன்னிப்பு என்ற சொல்லை நான் இதில் எங்கும் எழுதவில்லை. கேட்டால் நீ ஏதாவது சொல்லியாக வேண்டியிருக்கும். அந்தச் சுமையும் உனக்கு வேண்டாம்.

*

மேலே உள்ளதை உனக்குத் தபாலில் அனுப்பிப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. தாம்பரத்தில் உன் அறைக்கு வரலாமா என்று பலமுறை நினைத்து, கூட்டுரோடு வரை போய்த் திரும்பினேன். நேற்று மத்தியானம் உன் மெசேஜ் வந்தது. மூன்றே வரி. “பத்திரிகைக்குக் குடு. எல்லாத்தையும் எழுதினே நைனா. அம்மா இன்னா சொல்லிச்சுன்னு மட்டும் எழுதலியே.”

நீ நைனா என்று போட்டிருந்ததையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ கேட்டது சரி. நான் சொன்ன பொய்யை எழுதினேன். அவள் சொன்ன உண்மையை எழுதக் கை வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

அவள் நினைவோடு பேசிய கடைசி நாள் அது. மத்தியானம், பார்வையாளர் நேரம். ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தாள். “கெடச்சாளா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “சரி வுடு. தொந்தரவு பண்ணாத. மலையெல்லாம் பாக்கட்டும். நாமதான் இன்னாத்த பாத்தோம்” என்றாள். கொஞ்சம் தண்ணீர் கேட்டாள், குடித்தாள். “வந்தான்னா நீ போய் கூட்டிகினு வா. மூட்ட தூக்கிகினு வருவா, ஆட்டோல ஏத்தி வுட்டுடாத. திட்டாத. குந்த வெச்சி சோறு போட்டு, எங்கெங்க போன, இன்னா பாத்தன்னு கேளு. எனக்குப் பதிலா நீ கேளு” என்றாள்.

அப்போது என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். நீ.

“யாரு?” என்றாள்.

“கம்பெனி” என்று சொல்லி அணைத்து, பையில் போட்டுக்கொண்டேன்.

உன் நைனா